லேசர் லெவல்: 2 கோடு போதுமா, 12 கோடு வேண்டுமா?

போன முறை டைல்ஸ் பற்றி எழுதியபோது, கையில் ஒரு லேசர் லெவல் (சுவரில் மட்டமாகவும் நெட்டாகவும் ஒளிக் கோடு போட்டுக் காட்டும் கருவி) இருந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கேள்விகள் குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெயர் சொல்லப்போவதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பெயர் அவ்வளவு தேவைப்படாது.

கேள்வி: மாடியில் ஒரு அறை, சமையலறை, குளியலறை எடுத்துக் கட்டுகிறோம். பூச்சு வரைக்கும் கொத்தனார். டைல்ஸ், அலமாரி, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் நானும் தம்பியுமே செய்துவிடலாம் என்று இருக்கிறோம். லேசர் லெவல் தேடினால் 2 கோடு, 5 கோடு, 12 கோடு, 16 கோடு என்று போய்க்கொண்டே இருக்கிறது. கையில் இருப்பது குறைவு. எதை வாங்குவது? – மாடி கட்டும் அண்ணன்

முதலில் இந்தக் கோட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் விலை ஏறுவது அதில்தான். 12 கோடு என்றால் பன்னிரண்டு தனித்தனிக் கோடு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கருவிக்குள் கூம்பு மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, அதன் மேல் பட்டு லேசர் 360 டிகிரிக்கும் விரிகிறது, அறையைச் சுற்றி ஒரு முழு வளையம் விழுகிறது. அந்த வளையம் நாலு பக்கமும் தெரிவதால் அதை 4 கோடு என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆக 12 கோடு என்பது 3 வளையம்: படுக்கையாக ஒன்று, நெட்டாக இரண்டு. 16 கோட்டில் படுக்கை வளையம் இன்னொன்று கூடுதலாக இருக்கும், பெரும்பாலும் தரையை ஒட்டி. சாதாரண 2 கோட்டுக் கருவி எதிரே இருக்கும் சுவரில் மட்டும் கூட்டல் குறி போட்டுக் காட்டும், அடுத்த சுவருக்குப் போக நீங்கள்தான் அதைத் திருப்ப வேண்டும்.

இப்போது உங்கள் வேலைகளுக்கு வருவோம். அலமாரிக்கும் சமையலறைச் சுவர் டைல்ஸுக்கும் 2 கோடு தாராளம். ஒரு நேரத்தில் ஒரு சுவரில்தானே வேலை செய்யப்போகிறீர்கள். ஃபால்ஸ் சீலிங் அப்படியில்லை, நாலு சுவரிலும் ஒரே உயரத்தில் ஃபிரேம் ஓட வேண்டும், நடுவில் கம்பி தொங்கும் ஒவ்வொரு இடத்திலும் மட்டம் பார்க்க வேண்டும், அங்கே படுக்கையில் முழு வளையம் இருந்தால் ஒரு நாள் வேலை அரை நாளில் முடியும். தரை டைல்ஸுக்கு நெட்டு வளையம் இரண்டு இருந்தால் தரையில் ஒன்றையொன்று 90 டிகிரியில் வெட்டிக்கொண்டு போகும், முதல் வரிசையை அதன் மேலேயே ஒட்டிவிடலாம். ஆனால் அந்த ஒன்றுக்காக மட்டும் 12 கோடு வாங்க வேண்டும் என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன். 3 மீட்டர், 4 மீட்டர் அளந்து குறுக்கே 5 மீட்டர் வருகிறதா என்று பார்த்தால் செங்கோணம் வந்துவிடும், நூலும் டேப்பும் போதும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் இருக்கிறது, படுக்கையில் 360 டிகிரி வளையம் ஒன்று, நெட்டாக ஒரு கோடு. கடைக்காரர்கள் அதை அவ்வளவாக எடுத்துக் காட்டுவதில்லை. உங்கள் மூன்று வேலைக்கும் பொருந்துவது அதுதான். மிச்சமாகும் காசில் நல்ல ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள். 16 கோட்டை மறந்துவிடுங்கள், ரிமோட்டையும் சேர்த்து.

பெட்டியில் பார்க்க வேண்டியவை. துல்லியம் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் 10 மீட்டருக்கு ±3 மி.மீ. என்பார், இன்னொருவர் 5 மீட்டருக்கு ±1.5 மி.மீ. என்பார். இரண்டும் ஒன்றுதான், மீட்டருக்கு 0.3 மி.மீ. ஆனால் கண்ணுக்கு இரண்டாவது நல்லது போலத் தெரியும், அதற்குத்தான் அப்படி எழுதுவது. தூரமே சொல்லாமல் வெறும் "±1 மி.மீ." என்று போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். மீட்டருக்கு 0.3 மி.மீ. வீட்டுக்குப் போதும், 4 மீட்டர் சுவரில் அது 1.2 மி.மீ., நீங்கள் போடும் பென்சில் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும். அடுத்து, வேலை தூரம் 50 மீட்டர் என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் நட்சத்திரக் குறி வைத்திருப்பார்கள். அந்த 50 மீட்டர் ரிசீவர் என்ற தனிச் சாமானோடு சேர்த்து, கண்ணால் பார்க்கும் தூரம் அதைவிட நிறையக் குறைவு. தானாக மட்டம் பிடிக்கும் அளவு, அதாவது எவ்வளவு சாய்த்து வைத்தாலும் கருவி தானே சரிசெய்துகொள்ளும் என்பது, 3 அல்லது 4 டிகிரி என்று இருக்கும், அது போதும். லேசர் வகுப்பு 2 என்று எழுதியிருக்க வேண்டும், அதைப் பற்றிக் கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். தூசி, தண்ணீர் தாங்கும் எண் ஐ.பி. 54 என்றிருந்தால் பூச்சு வேலை நடக்கும் இடத்தில் தைரியமாக வைக்கலாம்.

கேள்வி: பச்சை நல்லதா, சிவப்பு நல்லதா? பச்சைக்கு ஏன் கூடுதல் விலை? – புது வீட்டுக்காரர்

பச்சை கூடுதல் துல்லியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் மட்டம் பிடிப்பது உள்ளே தூக்குக்குண்டு போலத் தொங்கும் அதே ஊசல்தான். வித்தியாசம் நம் கண்ணில். மனிதக் கண்ணுக்குப் பகல் வெளிச்சத்தில் மிகப் பிரகாசமாகத் தெரிவது 555 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கும் ஒளி. பச்சை லேசர் 515 முதல் 532 வரை, சிவப்பு 635 முதல் 650 வரை. பச்சை அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், அதே சக்தியில் சிவப்பைவிடச் சுமார் நாலு மடங்கு பிரகாசமாகத் தெரிகிறது. ஜன்னல் திறந்திருக்கும் அறையில், வெள்ளைச் சுவரில், மத்தியானம் வேலை செய்யும்போது இது பெரிய வித்தியாசம்.

பதிலுக்குப் பச்சை பேட்டரியை வேகமாகக் குடிக்கும். கடிகாரத்துக்குப் போடுகிற பென்சில் பேட்டரியில் ஓடும் பச்சைக் கருவி வாங்கினால் மாற்றி மாற்றிக் கை சலித்துவிடும், சார்ஜ் செய்யும் பேட்டரி உள்ளதாகப் பாருங்கள். ஜன்னலை மூடிக்கொண்டு அலமாரி மாட்டுவதுதான் வேலை என்றால் சிவப்பே போதும். கண்ணாடி போட்ட, கொஞ்சம் வயதான கண்கள் என்றால் பச்சை. எனக்கு இப்போது பச்சைதான்.

கேள்வி: லேசர் வாங்கி வந்து கொத்தனாரிடம் காட்டினேன். அவர் தன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, "உங்க மிஷின் பொய் சொல்லுது" என்கிறார். மிஷின் சரி, அவர் ரசமட்டம்தான் பழசு என்று எனக்குத் தோன்றுகிறது. யார் சொல்வது சரி? – இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டியவர்

இரண்டும் தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு! கொத்தனாரிடம் சண்டைக்குப் போகும் முன் இரண்டையும் சோதித்துவிடுங்கள்.

ரசமட்டத்துக்கு ஒரு நிமிடம். சுவரில் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்போது ஒரு கோடு போடுங்கள். அதே ரசமட்டத்தை இடவலமாகத் திருப்பி அதே கோட்டில் வையுங்கள். குமிழி இப்போதும் நடுவில் நின்றால் சரி. ஒரு பக்கம் ஓடினால் அது கோணல்.

லேசருக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், ஆனால் வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது, திருப்பிக் கொடுக்கும் நாள் முடிந்த பிறகு செய்து புண்ணியமில்லை. எதிரெதிரே 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுவர் தேடுங்கள், ஹால் நீளம் போதும். கருவியை முதல் சுவருக்கு ஒரு சாண் தள்ளி ஸ்டாண்டில் வைத்து, ஊசலை ஆடாமல் பிடித்திருக்கும் பூட்டைத் திறந்து, ஆட்டம் அடங்கும் வரை விடுங்கள். சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கூட்டல் குறியின் நடுவில் கூரான பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். உயரத்தைத் தொடாமல் கருவியை அப்படியே எதிர்ச் சுவருக்குத் திருப்பி அங்கேயும் ஒரு புள்ளி. இப்போது ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு போய் இரண்டாவது சுவருக்கு ஒரு சாண் தள்ளி வைத்து, அங்கே வைத்த புள்ளியில் கோடு சரியாக விழும்படி உயரத்தை ஏற்றி இறக்குங்கள். ஸ்டாண்டில் திருகு இல்லையென்றால் கருவிக்குக் கீழே அட்டைகளை ஒவ்வொன்றாகச் சொருகலாம், நான் அப்படித்தான் செய்வேன். பொருந்தியதும் முதல் சுவரைப் பார்க்கத் திருப்புங்கள். அங்கே பழைய புள்ளிக்கும் இப்போது விழும் கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி?

அந்த இடைவெளி கருவியின் பிழையைப் போல இரண்டு மடங்கு. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை, இரண்டும் சேர்ந்துகொள்கிறது. மீட்டருக்கு 0.3 மி.மீ. என்று பெட்டியில் போட்டிருந்தால், 5 மீட்டருக்கு ஒன்றரை மி.மீ., இரண்டு மடங்கு என்றால் 3 மி.மீ. அதற்குள் இருந்தால் மிஷின் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறது. 3-ஐத் தாண்டினால் பெட்டியோடு திரும்பக் கொண்டு போங்கள்.

இத்தோடு விடக்கூடாது. கோட்டின் நடு சரியாக இருந்து, கோடே ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். அதற்கு, சுவரில் ஒரு புள்ளி வைத்து, கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கோட்டின் இடது முனை, நடு, வலது முனை மூன்றும் அதே புள்ளி மேல் போகிறதா என்று பாருங்கள். நெட்டுக்கோட்டுக்கு வேறெதுவும் வேண்டாம், தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலும் கோடும் மேலிருந்து கீழே ஒன்றாகப் போகிறதா என்று பார்த்தால் முடிந்தது. தூக்குக்குண்டுக்குப் பழுதே வராது, காற்று மட்டும் அடிக்கக்கூடாது.

இந்த முனை பார்க்கும் சோதனையை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு முறை குளியலறையில் சுற்றிலும் டைல்ஸ் வரிசைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், 2 கோட்டுக் கருவி, ஒவ்வொரு சுவருக்கும் திருப்பித் திருப்பி. முதல் சுவர் முடித்து இரண்டாவது சுவருக்கு வந்தால் மூலையில் கோடு ஒட்டவில்லை, ஒரு 3 மி.மீ. மேலே நிற்கிறது. என் கைதான் ஆடிவிட்டது என்று நினைத்து, ஸ்டாண்டைக் கொஞ்சம் இறக்கி, பழைய கோட்டோடு சேர்த்துவிட்டேன். மூன்றாவது மூலையிலும் அதே கதை, அதே சமாளிப்பு. நாலாவது சுவர் முடிந்து கதவுப் பக்கத்து மூலைக்கு வந்தபோது, ஆரம்பித்த கோடு ஒரு இடத்தில், முடித்த கோடு அதற்கு 12 மி.மீ. கீழே. ஒரு சுண்டுவிரல் கனம். ஒவ்வொரு மூலையிலும் நானே உட்கார்ந்து பிழையை அடுத்த சுவருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்! முந்தின நாள் கருவியைப் பூட்டாமல் பையில் போட்டு, மேடுபள்ளச் சாலையில் வண்டியில் கொண்டு வந்தேன், ஊசல் அதிலேயே அடிபட்டிருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. ஒட்ட ஆரம்பிக்கும் முன்பே தெரிந்தது என்பதுதான் ஒரே ஆறுதல். மூலையில் கோடு சேரவில்லை என்றால் ஸ்டாண்டைத் தொடாதீர்கள், கருவியைச் சோதியுங்கள்.

உங்கள் கொத்தனாருக்கு என் வணக்கம். சந்தேகப்பட்டதே அவர் அனுபவம்.

கேள்வி: கோடு போட்ட கொஞ்ச நேரத்தில் கண் சிமிட்டுகிறது. புதுசுதான். பழுதா? – அவசரக்காரர்

பழுதில்லை. 4 டிகிரிக்கு மேல் சாய்ந்த இடத்தில் வைத்தால் ஊசலால் மட்டம் பிடிக்க முடியாது, அதைத்தான் சிமிட்டிச் சொல்கிறது. இல்லையென்றால் பூட்டைத் திறக்காமலே ஓட்டுகிறீர்கள். அந்த நிலையில் கோடு வரும், ஆனால் மட்டமாக இருக்காது, சில நொடிக்கு ஒரு முறை சிமிட்டி ஞாபகப்படுத்தும். மாடிப்படிக் கைப்பிடி போலச் சாய்வாகக் கோடு வேண்டியவர்களுக்காக வைத்திருக்கும் வசதி அது.

கேள்வி: காம்பவுண்டு சுவருக்கு வானம் தோண்டுகிறோம், நீளம் 25 மீட்டர். பச்சை லேசர் வெளியில் வேலை செய்யுமா? – வெயிலில் நிற்பவர்

பகலில் தெரியாது. பச்சையும் தெரியாது. விளம்பரத்தில் வெயிலில் பளிச்சென்று கோடு ஓடுவது போலப் போடுவார்கள், அதைப் பார்த்து வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. கூடவே ஒரு கலர் கண்ணாடி கொடுப்பார்கள், அதைப் போட்டால் சுற்றுப்புறம் மங்கி அறைக்குள் கோடு கொஞ்சம் எடுப்பாகும், அவ்வளவுதான். உச்சி வெயிலை அது ஒன்றும் செய்யாது.

வெளியில் வேண்டுமென்றால் ரிசீவர் தேவை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் லேசர் அதன் மேல் படும்போது பீப் சத்தம் போட்டு மேலே கீழே என்று அம்புக்குறி காட்டும். ஆனால் கருவியில் பல்ஸ் மோடு (ரிசீவர் கண்டுகொள்ளும்படி லேசர் விட்டுவிட்டுத் துடிக்கும் நிலை) இருக்க வேண்டும், ரிசீவரும் அதற்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும், சிவப்புக்கான ரிசீவர் பச்சையைக் கண்டுகொள்ளாமல் போகலாம். இதெல்லாம் சேர்த்தால் செலவு ஏறிவிடும். நில அளவே பெரிசு என்றால் சுழலும் ரோட்டரி லேசரை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது மேல்.

உங்களுக்கு 25 மீட்டர் என்பதால் நான் சொல்வது டியூப் லெவல். தண்ணீர் நிரப்பிய டியூபை மிஞ்சும் மலிவான மட்டம் இன்னும் வரவில்லை, அதற்கு பேட்டரியும் வேண்டாம். மூலை திரும்பினாலும் மரத்தைச் சுற்றிப் போனாலும் தண்ணீருக்கு ஒன்றுதான், லேசரால் அது முடியாது. மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். டியூபுக்குள் ஒரு குமிழி கூட இருக்கக்கூடாது, இருந்தால் மட்டம் பொய். பாதி டியூப் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் சூடான பக்கம் தண்ணீர் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், அதனால் காலையில் செய்யுங்கள். அப்புறம் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும், கட்டைவிரலால் மூடிக்கொண்டே மட்டம் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், பூமி உருண்டையாக இருப்பதால் அவ்வளவு தூரத்தில் லேசர் தப்பாகுமா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. 100 மீட்டருக்கே பூமியின் வளைவு 1 மி.மீ.க்கும் குறைவு. அதைப் பற்றிக் கவலைப்படாமல் தோண்டுங்கள்.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தைகள். லேசர் கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமா? – பயந்த அம்மா

வகுப்பு 2 லேசரின் சக்தி 1 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. தெரியாமல் கண்ணில் பட்டால் கால் நொடிக்குள் நாமே கண்ணை மூடிக்கொள்வோம், முகத்தைத் திருப்பிக்கொள்வோம், அந்த நேரத்துக்குள் ஆபத்து வராத அளவு என்றுதான் அந்த எல்லை வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே உற்றுப் பார்த்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, குழந்தைகள் செய்யக்கூடியதும் அதுதான். எனவே படுக்கைக் கோட்டைக் குழந்தையின் கண் உயரத்தில் ஓடவிடாதீர்கள், வேலை இல்லாதபோது அணைத்துவிடுங்கள், கண்ணாடி அல்லது பளபளப்பான டைல்ஸ் எதிரே இருந்தால் திரும்பி வரும் ஒளியும் அதே லேசர்தான் என்பது ஞாபகம் இருக்கட்டும். கூட வரும் கலர் கண்ணாடி கோடு தெரிவதற்கு, கண்ணைக் காப்பாற்ற அல்ல. 3ஆர் வகுப்பு 5 மில்லிவாட் வரை போகும், வீட்டில் அது வேண்டாம். வகுப்பே எழுதாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

கேள்வி: ஸ்டாண்ட் கட்டாயமா? நாற்காலி மேல் வைத்தால் போதாதா? – சிக்கனம்

நாற்காலி மேல் வைக்கலாம், யாராவது தொடாத வரைக்கும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் பக்கத்தில் நடந்தாலே கோடு ஆடும். உங்களுக்கு வேண்டிய உயரத்தில் நாற்காலி எப்போதும் இருக்காது என்பதுதான் பெரிய தொல்லை, சமையல் மேடைக்கு மேல் டைல்ஸ் வரிசை ஒரு உயரம், அலமாரி ஒரு உயரம், சீலிங் ஒரு உயரம்.

ஸ்டாண்ட் வாங்கும்போது திருகு அளவு பாருங்கள். கேமரா ஸ்டாண்டில் வரும் கால் அங்குலத் திருகு ஒரு ரகம், கட்டட வேலை ஸ்டாண்டில் வரும் 5/8 அங்குலத் திருகு இன்னொரு ரகம். வீட்டில் பழைய கேமரா ஸ்டாண்ட் கிடந்தால், கருவியின் அடியில் கால் அங்குல ஓட்டை இருந்தால், செலவே இல்லை.

வேலைக்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். அதோடு, ஒரு உத்தி. சோதனையில் தேறிய கருவியிலும் துளிப் பிழை இருக்கும். எதிரெதிர்ச் சுவரில் ஒரே மட்டம் வேண்டுமென்றால் கருவியை இரண்டுக்கும் சரி நடுவில் வைத்து, அதே கோட்டை இரண்டு பக்கமும் திருப்பிக் குறியுங்கள். இரண்டு பக்கமும் தூரம் சமம் என்பதால் பிழையும் சமமாக ஏறும் அல்லது இறங்கும், இரண்டு புள்ளியும் ஒரே மட்டத்தில் வந்துவிடும். மலிவான மிஷினை விலை கூடிய மிஷின் மாதிரி வேலை வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: குளியலறைத் தரைக்கு வாட்டம் கொடுக்க வேண்டும். லேசரைச் சாய்த்து வைத்துக் கோடு போடலாமா? – தண்ணீர் தேங்கி அவதிப்பட்டவர்

சாய்க்க வேண்டாம், எவ்வளவு சாய்த்தோம் என்று தெரியாமல் போய்விடும். மட்டமான கோட்டையே சுவரைச் சுற்றி ஓடவிட்டு, அதிலிருந்து கீழே டேப்பில் அளந்துகொண்டு வாருங்கள். வாசற்படிப் பக்கம் கோட்டிலிருந்து தரை வரை 50 சென்டிமீட்டர் என்றால், மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வாட்டம் என்ற கணக்கில், 2 மீட்டர் தள்ளி இருக்கும் தண்ணீர் போகும் ஓட்டையில் 52 வர வேண்டும். டேப்பில் எண் கூடினால் தரை இறங்குகிறது என்று அர்த்தம். சும்மா கேட்கும்போது எளிதாக இருக்கும், குனிந்து நிமிர்ந்து அளக்கும்போது தலைகீழாகப் புரிந்துகொண்டு வாட்டத்தை வாசல் பக்கம் கொடுத்துவிட்டவர்கள் உண்டு. சந்தேகமிருந்தால் சுவரிலேயே "இங்கே 52" என்று எழுதிவைத்துவிடுங்கள், எப்படியும் டைல்ஸ் மூடிவிடும்.

இதே போல வீடு முழுவதும் தரை மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் நிலை, ஜன்னல், சுவிட்ச் பெட்டி, சமையல் மேடை எல்லாவற்றையும் அதிலிருந்தே அளக்கலாம். லேசரை வாடகைக்கோ இரவலோ வாங்குகிறவர்கள் முதல் நாளே இந்தக் கோட்டைப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம், மிச்ச வேலை டேப்போடு நடக்கும்.

கேள்வி: நாலு படம், இரண்டு ஷெல்ஃப் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். எந்த லேசர்? – வாடகை வீடு

எதுவும் வேண்டாம். 60 சென்டிமீட்டர் ரசமட்டம் ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: வேலை முடித்த ஒருவர் தன் 12 கோட்டுக் கருவியைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? – ஆசைப்பட்டவர்

அவர் வீட்டிலேயே, அவர் எதிரிலேயே மேலே சொன்ன 5 மீட்டர் சோதனையைச் செய்து பார்க்க விடுகிறாரா என்று கேளுங்கள். விட்டால் நாலு பக்கமும் திருப்பிச் சோதியுங்கள், ஏனென்றால் வளையக் கருவியில் ஒரு பக்கம் சரியாகவும் அடுத்த பக்கம் கோணலாகவும் இருக்க வாய்ப்புண்டு. பூட்டைத் திறந்து மெல்ல ஆட்டினால் உள்ளே லேசாக ஆடும் சத்தம் வரும், அது ஊசல், வரத்தான் வேண்டும். பூட்டிய பிறகும் கடகடவென்றால் வேண்டாம். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று அவர் சொல்வதைக் கேட்காமல், போனதும் எரியவிட்டுவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். கோடு தடித்தோ மங்கியோ இருந்தால் உடனே விலை பேச வேண்டாம், முதலில் லேசர் வெளிவரும் கண்ணாடியைப் பாருங்கள். பாதி நேரம் அது சிமெண்ட் தூசியாகத்தான் இருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்துத் துடைத்தால் போய்விடும், சட்டை நுனியால் மட்டும் தேய்க்காதீர்கள், தூசியில் இருக்கும் மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.